நீ தொலைக்காட்சியில் அப்பாவைப் பற்றிச் சொன்னது

லாச்சப்பல், பரிஸ்
வியாழன் பின்னேரம்

அன்பு மகள் றொஷானிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தம்பியும் கை கால் சுகத்தோடு நடமாடுகிறோம், நீயும் விளையாடப் போன ஊரில் சாப்பாடு நித்திரை குறையாமல் இருக்கவேண்டும் என்று மடு மாதாவிடம் ஒவ்வொரு காலையும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு இறங்குகிறேன். போனில் கதைக்கலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். கடைசியாகப் போனில் கதைத்து என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது, உனக்குக் கோபம் வந்தால் நீ பிரெஞ்சுக்குப் போய்விடுவாய், அந்த வேகத்துக்கு என்னால் ஓட முடியாது, பிறகு இரண்டு பேரும் போனை வைத்துவிட்டு அங்கேயும் இங்கேயும் இருந்து அழுகிறது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே கதைக்க ஏலாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுது அழுது போனதற்கு இப்போதாவது ஒரு பலன் இருக்கட்டும், மெல்ல மெல்ல வாசி.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. லிப்ட் திரும்பவும் வேலை செய்யவில்லை, சாமான் பையோடு நான்காம் மாடிக்கு ஏறி முடிய என் வலது முழங்கால் என்னோடு கோபித்துக்கொள்ளுகிறது. பள்ளிக்கூடக் கன்ரீனில் ஒருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள், புது ஆள் போடும்வரை அவளுடைய வேலையும் என் தலையில். தம்பி ஜெனிஸ்டன் சோதனைக்குப் படிக்கிறேன் என்கிறான், ஆனால் உன்னைப் பற்றி இன்டர்நெட்டில் கண்டபடி எழுதுகிறவர்களுக்கு மறுமொழி எழுதிச் சண்டை பிடிப்பதுதான் அவனுக்கு இப்போது படிப்பு. அதுகளை எனக்கு வாசித்துக் காட்டாதே என்று சொல்லிவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது பிள்ளை. எத்தனை விளையாட்டுக்காரர், எவ்வளவு பெயர் பெற்றவர்கள், கறுப்பு ஆட்களைப் பழிக்காதே என்று முழங்காலில் நின்றார்கள், சட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்கள், மைக்கைப் பிடித்து அழுதழுது சொன்னார்கள், எல்லாவற்றையும் இந்தக் கதிரையில் இருந்துதான் நானும் பார்த்தேன். அடுத்த கிழமை வேறொரு மைதானத்தில் திரும்பவும் அதே பழிப்புச் சத்தம். அவர்கள் யாரோ பெற்ற பிள்ளைகள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் என் பிள்ளையே வந்து நிற்கிறாய்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் கண்டதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீ உள்ளே நின்றாய், நாங்கள் வெளியே இருந்து பார்த்தோம், இரண்டும் ஒன்றல்ல. தம்பி கணினியை ரி.வி.யில் கொழுவி உங்கள் ஹான்ட்பால் ஆட்டத்தைப் போட்டிருந்தான், நான் சோற்றை மேசையில் வைத்திருந்தேன், அப்பா கடையால் வந்து குளித்துவிட்டு அப்போதுதான் சாப்பிட இருந்தார். உன்னோடு விளையாடுகிற மதலேன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போதெல்லாம் ஒரு பக்கத்துச் சனம் ஊ ஊ என்றது. போட்டியில் போடுகிற சாதாரணக் கூச்சல் என்றுதான் நினைத்தேன், கறுப்புப் பிள்ளை என்று குரங்குச் சத்தம் போடுகிறார்கள் அம்மா என்று தம்பி சொன்ன பிறகுதான் விளங்கியது. போன ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில் இடியப்பமும் மீன் சொதியும் சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்ட பிள்ளையைப் பார்த்து! நடுவர் கொஞ்சம் நிறுத்தினார், பிறகு விளையாடுங்கள் என்று கையைக் காட்டினார், திரும்பவும் அதே சத்தம். அப்போதுதான் நீ உன் கோலை வெறுமையாக விட்டுவிட்டு நடந்து வந்தாய். உனக்குக் காலில் ஏதோ நோவு என்று நான் பயந்தேன். நீ நடு மைதானத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தாய். ஒருவரும் வராமல் நீ தனியே இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் நான் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி ரி.வி.க்குக் கிட்டப் போய் நின்றேன். பிறகு மதலேன் வந்து உன் பக்கத்தில் இருந்தாள், பிறகு மற்றப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர். ஆட்டம் நின்றது, நீங்கள் தோற்றதாக எழுதினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் வேறு கதை. மைக்கை நீட்டினவர்களுக்கு நீ சொன்னதை நான் இப்போது பாடமாக்கிவிட்டேன். என் அப்பா முப்பது வருடமாக இந்த நாட்டில் வேலை செய்கிறார், நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மெத்றோ வாசலில் பொலிஸ் அவரைச் சுவரோடு நிற்க வைத்துத் தடவிச் சோதித்தது, நான் பக்கத்தில் நின்றேன், அன்றைக்கு எல்லாரும் கடந்து போனார்கள், இன்றைக்கு என்னால் கடந்து போய் விளையாட முடியவில்லை என்றாய். நல்ல பிரெஞ்சு, ஒரு இடத்திலும் தடக்கவில்லை. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டுக் கோப்பையில் பாதிச் சோறு இருக்க எழும்பிக் கையைக் கழுவினார். அடுத்த நாள் போடுகிற சட்டையை எடுத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மினுக்கத் தொடங்கினார், ஏற்கெனவே மினுக்கி வைத்த சட்டை. எனக்கு அப்படி ஒன்று நடந்ததே அன்றைக்குத்தான் தெரியும். கலியாணம் கட்டி இவ்வளவு காலம், இரண்டு பிள்ளை, ஒரு சொல் சொன்னதில்லை அந்த மனிசன்.

அடுத்த நாள் தொடக்கம் அவர் வேலைக்குப் போகிற வழியை மாற்றிவிட்டார். வீட்டால் இறங்கினால் நேரே நடந்து கடைக்குப் போகிறவர், ஸ்டாலின்கிராட் மெத்றோப் பக்கம் சுற்றிப் போனார். காரணம் எனக்குத் தெரியும், நேர் வழியில் போனால் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருவர் நின்று, அண்ணை உங்களைப் பற்றி மகள் சொன்னதைப் பார்த்தோம் என்பார்கள். சுற்றிப் போயும் என்ன, கடைக்குள் மீன் வெட்டுகிற மேசையை விட்டு எங்கே ஓடுவது. மீனுக்கு வரிசையில் நிற்கிற சனம் எல்லாம் அதைத்தான் கேட்டது. உண்மையோ அண்ணை, எந்த மெத்றோ, அடித்தவங்களோ என்று. அவர் குனிந்த தலை நிமிராமல் செதில் தட்டிக்கொண்டு நின்றாராம். ஒரு மனிசி, ஆரென்று எழுதமாட்டேன், ஒரு கறுவல் பெட்டைக்காக உங்கடை பிள்ளை ஏன் தன்ரை பிழைப்பைக் கெடுக்குது, அதுகள் எங்களுக்காக வந்து நிக்குமோ என்று கேட்டிருக்கிறாள். அப்பா அவளுடைய பாரை மீனைத் துண்டு போடாமல் முழுசாகவே பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார். முதலாளி இராஜதுரை அண்ணை கூப்பிட்டுப் புத்தி சொன்னாராம். லோறன்ஸ், நாங்கள் இந்த நாட்டிலை ஒதுங்கி இருந்துதான் தப்பினாங்கள், பிள்ளைக்கு எடுத்துச் சொல்லு, விளையாடுறவை விளையாடினால் காணும் என்று. அவரையும் நான் பிழை சொல்லமாட்டேன், பயம் வயது போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது.

பிறகு ஒரு ஞாயிறு மதலேனின் தாய் பரிசுக்கு வெளியே சார்செலில் இருந்து எங்களைப் பார்க்க வந்தா. நீ விலாசம் கொடுத்தாயாம். பூசையால் நேரே வந்திருக்கிறா, நல்ல மஞ்சள் உடுப்பு, தலையில் அதே துணியில் கட்டு, லிப்ட் இல்லாமல் நான்கு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றா. இரண்டு பேருக்கும் பிரெஞ்சு கடன் வாங்கின மொழிதானே, அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. மகள் பதின்மூன்று வயதில் விளையாடத் தொடங்கின நாள் தொடக்கம் அந்தச் சத்தத்தைக் கேட்கிறாளாம். தாய் போய் இருந்த போட்டியிலும் கேட்டிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர்கள் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். வேறொரு பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தது இதுதான் முதல் தரம் என்றா. நன்றி என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தா, அப்பா வீட்டில் இல்லாததால் அவருக்கும் சேர்த்துத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னா, போனா. அந்த மனிசி இறங்கிப் போகிற சத்தம் கடைசிப் படிவரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் உன்மேல் இருந்த என் கோபம் கொஞ்சம் இறங்கியது. உனக்கு அவ்வளவு அறிவுரை சொன்ன நான் அந்தத் தாய்க்கு என்ன சொல்லியிருப்பேன், உங்கள் மகளுக்குக் காதைப் பொத்திக்கொண்டு விளையாடச் சொல்லுங்கோ என்றா?

இனி உனக்குத் தெரியாத கதை. போன ஞாயிறு உங்கள் கழகத்திலிருந்து மர்கரீத் என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள், பத்திரிகைக்காரரோடு கதைக்கிற பொறுப்பு தனக்குத்தான் என்றாள். உனக்குச் சொல்லாமல்தான் வருகிறேன் என்று அவளே சொன்னாள். குறை சொல்ல முடியாத மரியாதை, பெட்டியில் இனிப்பு, சப்பாத்தை வாசலில் கழற்றட்டுமா என்றும் கேட்டாள். உன்னை நல்ல பிள்ளை என்றாள், கெட்டிக்காரி என்றாள். ஆனால் நீ ஆட்டத்தை நிறுத்தினதைவிட பொலிசைப் பற்றிச் சொன்னதுதான் பெரிய சிக்கலாம், விளம்பரம் கொடுக்கிறவர்களும் கழகம் இருக்கிற நகரத்துப் பெரியவர்களும் கோபமாம். அடுத்த கிழமை புதன்கிழமை நடக்கிற விசாரணையில் உன்னை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களாம். அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது என்றாள். அப்பா ஒரு நான்கு வரி சொன்னால் போதும். மகள் அப்போது சின்னப் பிள்ளை, பயத்தில் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், பொலிஸ் மரியாதையாகப் பேப்பரைப் பார்த்துவிட்டு விட்டது, அவ்வளவுதான் என்று. உங்கள் மகளுக்கு உதவி செய்கிற மாதிரி என்றாள். அவள் கெட்ட மனதோடு சொன்னதாக எனக்குத் தெரியவில்லை றொஷானி, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற பிள்ளை, அதுதான் எனக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அப்பா ஓம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உனக்காகச் சொல்லிவிடுவார். உனக்காக அவர் எதைத்தான் விழுங்கவில்லை. அவர் அவளை இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொன்னார், அவள் சொன்னாள், அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும். "என்ரை மகள் பொய் சொல்லேல்லை. பாதிதான் சொன்னவள். மிச்சத்தையும் நான் சொல்லவோ?"

சொன்னார். உனக்கு ஒன்பது வயது, உன்னுடைய முதல் சுற்றுப் போட்டி முடிந்து இரண்டு பேரும் மெத்றோவால் இறங்கி வருகிறீர்கள். சுவரோடு நில் என்று பொலிஸ்காரர் சொன்னது அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்காத மாதிரி நடிக்கிறான் என்று நினைத்து, உன்னுடைய பையை நிலத்தில் கொட்டினார்கள். ஈரத் துவாய், சப்பாத்து, அன்றைக்குக் கிடைத்த மெடல் எல்லாம் சனம் நடக்கிற இடத்தில். பிறகு ஒருவன் உன்னைப் பார்த்து, நீ சொல்லு இந்த ஆளுக்கு என்றானாம். உன்னைக் கொண்டுதான் உன் தகப்பனுக்குக் கையைத் தூக்கச் சொன்னார்கள், உன்னைக் கொண்டுதான் இடுப்புப் பட்டியைக் கழற்றச் சொன்னார்கள். இதை நீ ரி.வி.யில் சொல்லவில்லை. அவருடைய மரியாதைக்காக விட்டுவிட்டாய் என்று அவருக்குத் தெரியும். மர்கரீத் மேசையில் வைத்திருந்த போனைக் குப்புறத் திருப்பி வைத்தாள். இதை என்னால் அங்கே கொண்டுபோய்ச் சொல்ல ஏலாது என்றாள், அவளுடைய முகமும் சிவந்துபோயிருந்தது. அப்பா சொன்னார், "அப்ப நான் வந்து சொல்லுறன்."

அவள் போன பிறகு நான் குசினியில் கோப்பை கழுவ அவர் துடைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு மட்டும் ஒன்று சொன்னார், அதை உனக்கு எழுதுவதா விடுவதா என்று யோசித்து இரண்டு நாள் இந்தக் கடிதத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். அன்றைக்கு நீ அவருக்கு அதைச் சொன்ன விதம். "கையைத் தூக்குங்கோ அப்பா எண்டு பிள்ளை சொல்லேல்லை. தூக்கட்டாம் எண்டவள். பட்டியைக் கழட்டட்டாம், திரும்பி நிக்கட்டாம். தான் சொல்லேல்லை, அவங்கள்தான் சொல்லுறாங்கள் எண்டு எனக்கு விளங்கவேணுமெண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் 'ஆம்' போட்டவள்." இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை, துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கள் அவர் நேர் வழியால் வேலைக்குப் போனார். இராஜதுரை அண்ணையிடம் அடுத்த புதன்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறார், எதற்கு என்று கேட்க, மீனுக்கு நின்ற சனத்துக்கும் கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாராம். அண்ணை கல்லாவைப் பூட்டினார், திறந்தார், பிறகு, என்னையும் ஒருக்கா கார் து நோர் ஸ்டேஷனிலை மனிசிக்கு முன்னாலை சேர்ட்டைக் கழட்ட வைச்சவங்கள், அவள் அதைப் பற்றி இண்டு வரைக்கும் என்னோடை கதைக்கேல்லை என்றாராம். வரிசையில் நின்ற ஒருவர் தன்னுடையதைச் சொன்னார், பிறகு இன்னொருவர். ஒரே தெருவில் இத்தனை வருடம் மீன் வாங்கி மரக்கறி வாங்கி, செத்த வீடு கலியாண வீடு எல்லாம் போய், ஒருவருக்கொருவர் சொல்லாத கதையை அன்றைக்கு மீன் நாற்றத்துக்குள் நின்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் என்ன வந்தது என்று கேட்டால் ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மெத்றோ வாசலில் பொலிஸ் வழக்கம்போல நின்றது. புதன்கிழமை மீன் மேசையில் தானே நிற்பதாக அண்ணை சொல்லியிருக்கிறார், அவருக்குச் சூடைக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரியாது, சனத்தைக் கடவுள்தான் காப்பாற்றவேண்டும்.

இப்போது என் முறைப்பாட்டையும் கேள். நீ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். அது உன் கதையும்தான், நீயும் அங்கே நின்றாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுவரோடு நின்றது அவருடைய உடம்பு. அதை நாடு முழுக்கப் பார்க்க வைக்க முதல், அப்பா சொல்லட்டோ என்று ஒரு போன் எடுத்திருக்கலாம். அவர் வேண்டாம் என்றிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் கேட்டிருக்கவேண்டும். நேரில் காணும்போது அதை அவரிடம் சொல்லிவிடு, நீளமாக வேண்டாம். மற்றது, வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு கடுதாசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். அன்றைக்குப் போனில், போட்டுக் கொடுத்துவிட்டு விளையாடு என்று கத்தினேன். இப்போது அதைச் சொல்லமாட்டேன். உன்னை நிறுத்தினால் நிறுத்தட்டும், உன் கட்டில் அப்படியே இருக்கிறது, தம்பி அதில் போட்டிருக்கிற புத்தகங்களை எடுக்கச் சொல்கிறேன். கோல் காக்கிற கைக்கு வேறு கழகமும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் பார்ப்போம். நீ சரியான வழியில்தான் போகிறாய் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, இனி உன்னை மறிக்க எனக்குத் தென்பும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதே. தோளுக்குப் பூசுகிற எண்ணெயை அப்பாவிடம் கொடுத்து விடுகிறேன், மதலேனுக்கும் கொடு. அந்தப் பிள்ளையைத் தனியே வீட்டில் விடாமல் உன்னோடு கூட்டிக்கொண்டு திரி, உன்னைச் சுற்றி எல்லாரும் கதைக்கிறார்கள், அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டார்களோ தெரியாது. இரவில் போனைத் தலைமாட்டில் வைத்துக் கண்டதை வாசிக்காதே. உனக்கும் உன்னோடு இருந்த பிள்ளைகளுக்கும் ஆண்டவர் துணை நிற்கட்டும், என் பிள்ளையின் கை கால் மனம் மூன்றையும் மாதா தன் கையில் வைத்திருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அப்பா வருகிற புதன்கிழமை விடியற்காலை ரயிலில் ஏறுகிறார். அந்த மினுக்கின சட்டையும் கோயிலில் உனக்கு முதல் நன்மை கொடுத்த நாளுக்கென்று அவருக்குத் தைத்த கோட்டும் போட்டுக்கொண்டு தனியே வருகிறார். நீ ஸ்டேஷனுக்கு வந்து நில். எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவரைக் காணவில்லை என்றால் பதறாதே, வழியில் பொலிஸ் மறித்திருக்கும், பேப்பர் எல்லாம் உள் பொக்கற்றில் சரியாக இருக்கிறது, கொஞ்ச நேரம் சுணங்கும். வருவார். அவர் வரும்வரைக்கும் அங்கேயே நில்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா
மரியகொறற்றி லோறன்ஸ்